விந்தணுக்கொல்லி போதுமா என்று கேட்பவருக்கு என்ன சொல்வது?

கேள்வி: கருத்தடை ஆலோசகராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. மாத்திரை, ஊசி எதுவும் வேண்டாம், யோனிக்குள் போடும் விந்தணுக்கொல்லி ஜெல் மட்டும் வாங்கிக்கொண்டால் போதுமா என்று சில பெண்கள் கேட்கிறார்கள். யாருக்குச் சரி, யாருக்கு வேண்டாம் என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: எதையும் விளக்குவதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: "இந்த வருஷம் கரு உண்டானால் உங்களால் ஏற்றுக்கொள்ள முடியுமா?" முடியவே முடியாது என்பவருக்கு இந்த ஜெல் மட்டும் போதாது. அதைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

எண்களைச் சொல்லும்போது சதவீதமாகச் சொல்லாமல் ஆள் கணக்கில் சொன்னால் மனதில் நிற்கும். இதை மட்டும் நம்பியிருக்கும் 100 பெண்களில், சாதாரணமாகப் பயன்படுத்தும் விதத்தில், ஓராண்டுக்குள் சுமார் 21 பேர் கருத்தரிக்கிறார்கள். ஒரு தடவைகூடப் பிசகாமல் பயன்படுத்தினாலும் 16 பேர். எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் 85 பேர். ஆணுறையில் 13 பேர். காப்பர்-டியில் ஒருவருக்கும் குறைவு. ஆக, இது வெறும் ஏமாற்று இல்லை, ஆனால் பலவீனமான தடுப்பு. கடுமையான இதய வால்வு நோய் உள்ளவர், பக்கவாதம் வந்தவர் போல, கர்ப்பமே உயிருக்கு ஆபத்தாகக்கூடியவர்களுக்கு வேறு முறைதான் வேண்டும்.

அடுத்தது எச்.ஐ.வி. இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். இந்தப் பொருட்களில் பெரும்பாலும் இருப்பது நோனாக்சினால்-9 என்ற ரசாயனம். சோப்பு அழுக்கைக் கரைப்பது போல அது விந்தணுவின் மேலுறையைக் கரைக்கிறது. அடிக்கடி போட்டால் யோனியின் உள்தோலையும் புண்ணாக்கும். அந்தச் சிறு புண்கள் கிருமிக்கு வாசல் திறந்துவிடுகின்றன. எச்.ஐ.வி.யையும் இது தடுக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஆய்வுகளில் நேர்மாறாகத் தெரிந்தது. 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பாலுறவுத் தொற்றையும் எச்.ஐ.வி.யையும் இது தடுக்காது என்று பெட்டியிலேயே எச்சரிக்கை போட வைத்தது. தொற்று வர வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் நல்லதல்ல.

அப்படியானால் யாருக்குப் பொருந்தும்? ஹார்மோன் வேண்டாம் என்பவர், பாலூட்டும் தாய், எப்போதாவது மட்டும் உறவு வைத்துக்கொள்பவர், வேறொரு முறை தொடங்கும் வரை இடைக்காலத்துக்குத் தேடுபவர். இவர்களிடமும் ஆணுறையோடு சேர்த்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். எரிச்சலோ அடிக்கடி சிறுநீர்த் தொற்றோ வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

முடிவு அவருடையது. எண்களைக் கேட்ட பிறகும் "எனக்கு இதுவே போதும்" என்றால் முகம் சுளிக்காமல், சரியாகப் போடக் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: யோனிக்குள் வைக்கும், கரையும் விந்தணுக்கொல்லி வில்லை வாங்கினேன். உடனே வேலை செய்யுமா?

பதில்: செய்யாது. வில்லை, மெல்லிய ஃபிலிம் இரண்டும் உள்ளே கரைய வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும்படி 10 முதல் 15 நிமிஷம் காத்திருக்க வேண்டும். கருப்பை வாய்க்கு அருகில் போகும்படி ஆழமாக வையுங்கள். ஃபிலிமை ஈரக் கையால் தொட்டால் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். பொதுவாக ஒரு மணி நேரத்துக்குத்தான் பலன். மறுபடி உறவு என்றால் மறுபடி ஒன்று வைக்க வேண்டும். அப்புறம், முடிந்த கையோடு உள்ளே கழுவிவிடாதீர்கள், 6 மணி நேரமாவது போகட்டும். இந்தக் காத்திருப்பு ஒத்துவராது என்றால் நுரையோ ஜெல்லோ வாங்குங்கள்; அவை போட்டவுடன் வேலை செய்யும்.

கேள்வி: விந்தணுக்கொல்லி தடவிய ஆணுறை கூடுதல் பாதுகாப்பா?

பதில்: இல்லை. சாதாரண வழுவழுப்பு தடவிய ஆணுறையைவிட அது கருத்தரிப்பை அதிகம் தடுப்பதாக நிரூபணம் கிடையாது. எரிச்சல் மட்டும்தான் கூடுதல். சாதாரண ஆணுறையே வாங்குங்கள். அது கிழிந்துவிட்டால் அவசர கருத்தடை மாத்திரையை முடிந்த அளவு சீக்கிரம், 5 நாட்களுக்குள் எடுத்தாக வேண்டும்.