குட்டிக்குக் கழிச்சல்: மருந்துக்கு முன்னால் சினையாட்டின் தீனியைப் பாருங்கள்

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் மானாவாரிக் கிராமம். கன்னி இனத்தில் 14 ஆடுகள் வைத்திருக்கிறோம். போன கார்த்திகையில் ஈன்ற குட்டிகள் நன்றாகத் தேறின. இந்த ஆடியில் ஈன்ற குட்டிகளோ மூன்றாம் நாள், நான்காம் நாளிலேயே மஞ்சளாகக் கழிய ஆரம்பித்து, பாதிக்கு மேல் இறந்துவிட்டன. சினையாட்டுக்குத் தனியாகத் தீனி எதுவும் வைப்பதில்லை. வைத்தால் குட்டி பெருத்து ஈன முடியாமல் போகும் என்பார் அப்பா. குட்டிகளுக்கு என்ன மருந்து கொடுக்கலாம்? கடையில் புரோபயாடிக் பொடி தருகிறார்கள், வாங்கலாமா?

பதில்: தம்பி, நீங்கள் குட்டிக்கு மருந்து கேட்கிறீர்கள். நான் தாயைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. கார்த்திகை மழைக்காலம். கொட்டில் நசநசவென்று கிடக்கும். கழிச்சல் வருவதென்றால் அப்போதுதான் அதிகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காய்ந்து கிடக்கிற ஆடியில் வந்திருக்கிறது. கொட்டிலும் அதே, ஆடுகளும் அவையே. மாறியது சினைக் காலத்தில் தாய் மேய்ந்தது மட்டும்தான்.

ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். முதல் 100 நாளில் கருவின் எடை அதிகம் ஏறாது. பிறக்கும்போது குட்டிக்கு இருக்கும் எடையில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட கடைசி 50 நாளில்தான் சேர்கிறது. குடல் முதிர்வதும், தாயின் மடியில் சீம்பால் ஊறுவதும் இதே நாட்களில்தான். ஆடியில் ஈன்ற ஆட்டுக்கு இந்த 50 நாள் வைகாசிக் கடைசியிலும் ஆனியிலும் வந்திருக்கும். உங்கள் கரிசல் காட்டில் அப்போது என்ன பச்சை இருந்திருக்கும்? காய்ந்த சோளத்தட்டையும் வேலிக்கருவை நெற்றும்தான்.

தாய்க்குத் தீனி குறைந்தால் குட்டி சிறுத்துப் பிறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். குடலும் சிறுத்து, சத்தை உறிஞ்சும் உள்தோல் பலமில்லாமல் பிறக்கும் என்பதை நாம் யோசிப்பதில்லை. அதைவிடப் பெரிய அடி சீம்பாலில் விழும். நம் பிள்ளைகளுக்கு நோயை எதிர்க்கும் புரதம் கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடும். ஆடு, மாடுகளின் நஞ்சுக்கொடி அதை விடாது. ஆட்டுக்குட்டி வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அதற்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு முழுவதும் ஈனுவதற்கு முந்தைய நான்கைந்து வாரத்தில் தாயின் ரத்தத்திலிருந்து மடிக்கு இறங்கி, சீம்பாலாக வருகிறது. அந்த வாரங்களில் தாய் அரைப்பட்டினி என்றால் சீம்பால் கொஞ்சமாகவும், பசை போல இறுகியும் வரும். இரட்டைக் குட்டி போடும் கன்னி இன ஆட்டில் அது இரண்டு வாய்க்குப் பங்காக வேண்டும். உருகுவே நாட்டில் செம்மறிகளுக்கு ஈனுவதற்கு முந்தைய கடைசி வாரத்தில் மட்டும் மக்காச்சோளம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சீம்பாலின் அளவு நன்றாகவே கூடியது. மக்காச்சோளம் விளைகிற ஊரில் இருந்துகொண்டு நீங்கள் இதைச் செய்யாமல் இருக்கலாமா?

பச்சை இல்லாத காலத்தில் வைட்டமின் ஏ குறைவதும் ஒரு காரணம். குடலின் உள்தோல் உறுதியாக இருக்க அது வேண்டும். குட்டி தன் ஈரலில் அதைச் சொற்பமாகத்தான் சேமித்துக்கொண்டு பிறக்கும். மீதியைச் சீம்பால்தான் தர வேண்டும். காய்ந்த தட்டையை எவ்வளவு போட்டாலும் தாய்க்கு அது கிடைக்காது. கிணற்றடியில் நாலு அகத்தி, வரப்பில் ஒரு வரிசை வேலிமசால் இருந்தால் போதும். சினையாட்டுக்கு நாள்தோறும் ஒரு கிலோ பச்சைத்தழை கிடைத்துவிடும். சூபாபுல் தழை வைத்திருந்தால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். அதிலுள்ள மைமோசின் என்ற நச்சு அளவுக்கு மீறினால் ஆகாது.

புழுக்கும் தீனிக்கும் உள்ள தொடர்பைப் பலர் கவனிப்பதில்லை. ஈனும் சமயத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து, புழுக்கையில் குடற்புழு முட்டைகள் பெருகும். அந்த முட்டையும் லார்வாவும் கிடக்கிற இடத்தில்தான் குட்டி வளர்ந்து முதல் புல்லைக் கடிக்கும். சினைக் கடைசியில் புரதம் போதுமான அளவு கிடைத்த ஆடுகளில் இந்தப் பெருக்கம் குறைவு. புரதத்துக்காகப் பிண்ணாக்குக்குச் செலவிடுவது தாயோடு நிற்பதில்லை, குட்டிக்கும் சேரும். குடற்புழு மருந்தை ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். அல்பெண்டசோலை மட்டும் சினைப்பட்ட தொடக்க வாரங்களில் தொடவே கூடாது, கருவைக் கெடுக்கும்.

இனி அப்பா சொல்வது. அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொடக்கத்திலிருந்தே தானியத்தைக் கொட்டிக் கொழுக்க வைத்தால் ஈனுவது சிரமம்தான். ஆனால் மேய்ச்சலை மட்டும் நம்பி வளர்கிற உங்கள் ஆட்டுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. வயிற்றில் இரண்டு குட்டி இருந்தால் இரைப்பைக்கு இடம் குறைந்துவிடும். தட்டையை வயிறு முட்டத் தின்றாலும் வேண்டிய சத்து சேராது. அப்போது ஆடு தன் உடம்புக் கொழுப்பையே கரைக்கும். அது எல்லை மீறினால் தீனி எடுக்காமல், பல்லை நெரித்துக்கொண்டு படுத்துவிடும். சினை நஞ்சு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அதில் தாயும் போகும், குட்டியும் போகும்.

10 கிலோ அடர்தீவனத்துக்கு உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 4 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 2 கிலோ, கோதுமைத் தவிடு 2 கிலோ, உளுந்தம்பொட்டு 1 கிலோ 700 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம், சாதா உப்பு 100 கிராம். ஈனுவதற்கு 50 நாள் இருக்கும்போது ஆட்டுக்கு 50 கிராமில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 250 கிராமுக்கு ஏற்றுங்கள். காலையில் பாதி, மாலையில் பாதி. ஒரேயடியாக வைத்தால் வயிற்றில் அமிலம் கூடி ஆடு செத்துவிடும்; அறுவடைக் காட்டில் மக்காச்சோளக் கதிரைத் தின்று செத்த ஆடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். பூசணம் பிடித்த சோளமும் பிண்ணாக்கும் விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று சினையாட்டுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள நச்சு பாலிலும் இறங்கும்.

ஆடியில் ஈன்ற ஆடுகள் ஐப்பசி வாக்கில் கிடாய் சேர்ந்தால் பங்குனியில் ஈனும். கடைசி 50 நாள் மாசி, பங்குனி. தை மாதம் உளுந்து அடிக்கும்போது பொட்டையும் நெற்றையும் விற்றுவிடாமல் சாக்கில் கட்டி மேலே போட்டு வையுங்கள். எந்த ஆடு எப்போது கிடாய் சேர்ந்தது என்று ஒரு நோட்டில் குறித்தால்தான் இந்த 50 நாள் கணக்கு சரிவரும்.

புரோபயாடிக் என்பது குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்கள் கலந்த பொடி. அதற்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டாம். குட்டியின் குடலுக்குப் போகும் முதல் நுண்ணுயிர்கள் தாயின் பிறப்புவழி, காம்பு, தாய் நக்கிவிடும் நாக்கு, படுக்கிற தரை ஆகியவற்றிலிருந்து வருகின்றன. தாயின் வயிறு ஒழுங்காக இருந்து, தரையும் காய்ந்திருந்தால் நல்லவை முந்திக்கொள்ளும். ஈனும் இடத்தைச் சுண்ணாம்பு தூவிக் காயவிட்டு, மேலே காய்ந்த தட்டையைப் பரப்புங்கள்.

தாயை எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும் சீம்பால் நேரத்துக்குள் போகாவிட்டால் வீண். நஞ்சுக்கொடி விழட்டும், பிறகு ஊட்டலாம் என்று காத்திருக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். எதிர்ப்புப் புரதத்தை அப்படியே உள்ளே இழுக்கும் சக்தி குட்டியின் குடலுக்கு முதல் ஆறு மணி நேரத்தில்தான் நன்றாக இருக்கும். ஒரு நாளில் அநேகமாக மூடிவிடும். காம்பைத் துடைத்து, முதல் பாலைப் பீய்ச்சி அடைப்பு எடுத்துவிட்டு, அரை மணிக்குள் ஊட்ட விடுங்கள். 2 கிலோ குட்டிக்கு முதல் சில மணி நேரத்தில் 100 மில்லி, முதல் நாள் முழுவதும் சேர்த்து 400 மில்லி வரை போக வேண்டும். இரட்டையில் சின்னக் குட்டியைக் கையில் பிடித்து ஊட்டுங்கள்.

துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியை ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு தாய்க்குப் போட்டால் அந்தப் பாதுகாப்பும் சீம்பால் வழியாகவே குட்டிக்கு வரும். இதுவரை போடாத ஆடு என்றால் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவைப்படும். கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இப்போது பிழைத்திருக்கும் குட்டிகள் கழிந்தால் பாலை நிறுத்தாதீர்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, பால் குடிக்கும் வேளைகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். மூன்று வாரத்துக்கு மேற்பட்ட குட்டி ரத்தமாகக் கழிந்தால் அது ரத்தக் கழிச்சல் நோயாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து. புழுக்கைப் பரிசோதனை செய்யாமல் கடை மருந்து கொடுக்க வேண்டாம். கண் உள்வாங்கி, வாய் சில்லிட்டு, ஊட்ட எழாத குட்டிக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நடமாடும் மருத்துவ வண்டி வரும் வரை சாக்கில் சுற்றிச் சூடாக வைத்திருங்கள்.