செய்தியில் நம் ஏரி வந்தால் அந்தக் காணொளி நம்முடையதாகிவிடுமா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியின் ஆக்கிரமிப்பைப் பற்றி ஒரு தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி சென்ற மாதம் மூன்று நிமிடச் செய்தி ஒளிபரப்பியது. எங்கள் ஏரிப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் அதில் பேட்டி கொடுத்திருக்கிறார். கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் வழி) அடைபட்டுக் கிடப்பதை நாங்கள் செல்பேசியில் எடுத்துக் கொடுத்த காட்சியும் அதில் வந்தது. செய்தியாளரே முழுக் காணொளியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். அதைக் குழுவின் இணையதளத்தில் ஏற்றி, கீழே ‘நன்றி’ என்று தொலைக்காட்சியின் பெயரைப் போட்டால் போதாதா?
– ஒரு வாசகி, காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: போதாது. நன்றி தெரிவிப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் அது அனுமதியின் இடத்தை நிரப்பாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு காணொளியின் ஆசிரியர், அதாவது முதல் உரிமையாளர், என்பவர் அதன் தயாரிப்பாளர். சம்பளத்துக்குப் பணிபுரியும் செய்தியாளர் எடுத்துத் தருவது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நிறுவனத்துக்கே உரியது. ஆகவே அந்தச் செய்தியாளர் அன்போடு அனுப்பியிருந்தாலும், இணையத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் உரிமை பெரும்பாலும் அவரிடம் இருக்காது. நீங்கள் ஏற்றினால் நாளை அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டியவரும் அவராகவே இருப்பார். பேட்டி கொடுத்தவர் என்பதால் உங்கள் செயலாளருக்கும் அந்தப் பதிவில் பதிப்புரிமை வந்துவிடாது. இவற்றுக்கு மேல், சட்டத்தின் 37ஆம் பிரிவு ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அதன் ஒளிபரப்பின் மீது 25 ஆண்டுகளுக்குத் தனியாக ஓர் உரிமையைத் தருகிறது. அது பதிப்புரிமையிலிருந்து வேறான உரிமை என்பதைக் கிரிக்கெட் காட்சிகள் தொடர்பான ஒரு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2008இல் தெளிவாக்கியது.

ஆனால் உங்கள் கேள்வியிலேயே ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. கலங்கல் காட்சியை எடுத்தவர் உங்கள் குழுவைச் சேர்ந்தவர். அதன் உரிமையை எழுத்தில் யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை என்றால் அது இன்னமும் அவருடையதே. தொலைக்காட்சி ஒளிபரப்பியதால் அது கைமாறிவிடாது. செல்பேசியில் உள்ள மூலப் பதிவை, தொலைக்காட்சியின் முத்திரையும் கீழே ஓடும் எழுத்துகளும் இல்லாமல், அவர் சம்மதத்துடன் இன்றைக்கே உங்கள் தளத்தில் ஏற்றலாம். பல குழுக்கள் தங்கள் கையிலிருக்கும் இந்தச் செல்வத்தை மறந்துவிட்டு, கூடத்தில் ஓடும் தொலைக்காட்சியைச் செல்பேசியில் படம்பிடித்து ஏற்றுகின்றன. திரையில் கோடு கோடாக அலையடிக்க, மின்விசிறி இரைச்சலுக்கும் அடுப்படிக் குக்கர் விசிலுக்கும் நடுவே செய்தி வாசிப்பவரின் குரல் கேட்கிறது. உரிமையும் இல்லை, பார்ப்பவருக்குப் பயனும் இல்லை.

முழுச் செய்தியையும் காட்ட எளிய வழி, அந்தத் தொலைக்காட்சி தன் சொந்த யூடியூப் பக்கத்தில் ஏற்றியிருக்கும் காணொளியை உங்கள் பக்கத்தில் பொருத்துவது. காணொளியின் கீழே ‘ஷேர்’ என்பதை அழுத்தினால் வரும் தெரிவுகளில் ‘எம்பெட்’ என்று ஒன்று இருக்கும். அது தரும் வரியை நகலெடுத்து உங்கள் பக்கத்தில் ஒட்டினால், காணொளி யூடியூபிலேயே இருந்தபடி உங்கள் தளத்தில் ஓடும். அரைமணிச் செய்தித் தொகுப்பின் நடுவில் உங்கள் ஏரி வருகிறது என்றால், எந்த நொடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளலாம். பிற தளங்களில் ஓடக் கூடாது என்று நிறுவனம் தடுத்திருந்தால் திரையில் அந்த அறிவிப்பு வரும். அப்போது இணைப்பை மட்டும் கொடுங்கள். வேறு யாரோ எடுத்து மறுபடி ஏற்றிய நகலைப் பொருத்த வேண்டாம். பதிவிறக்கி உங்கள் யூடியூப் பக்கத்தில் மறுபடி ஏற்றுவதோ ஆபத்தான வழி: 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமைப் புகார்கள் ஏற்கப்பட்டால் பக்கமே மூடப்படலாம், நீங்கள் சொந்தமாக எடுத்து வைத்திருக்கும் காணொளிகளும் அதோடு போய்விடும்.

பொருத்திய காணொளிக்கும் ஒரு குறை உண்டு. நிறுவனம் அதை நீக்கிய நாளில் உங்கள் பக்கத்தில் கறுப்புக் கட்டம்தான் மிஞ்சும். செய்தித்தாள் நறுக்கைக் கோப்பில் ஒட்டி முப்பது ஆண்டு காப்பாற்றிய ஊர்ப் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்; தொலைக்காட்சிச் செய்தியை அப்படிக் காப்பாற்ற யாரும் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அதனால்தான் கடிதம் எழுதுங்கள் என்கிறேன், அதையும் உடனே எழுதுங்கள். ஒளிபரப்பியவற்றின் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது செயற்கைக்கோள் தொலைக்காட்சிகளுக்கு மத்திய அரசு விதித்திருக்கும் நிபந்தனை. அதற்குப் பிறகு கேட்டால் தேடிக் கிடைப்பது நிறுவனத்தின் நல்ல மனத்தையும் சேமிப்பு வசதியையும் பொறுத்தது. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மாதம் கழிந்துவிட்டது.

கடிதம் செய்தி ஆசிரியருக்குப் போகட்டும். ஒளிபரப்பான நாள், நேரம், செய்தித் தொகுப்பின் பெயர், உங்கள் ஊர் வரும் நிமிடங்கள், குழு லாப நோக்கற்றது, பக்கத்தில் விளம்பரம் கிடையாது, வெட்டாமல் முத்திரையோடு அப்படியே வெளியிடுவோம் என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். சட்டப்படி உரிமம், அதாவது பயன்படுத்திக்கொள்ளத் தரும் அனுமதி, எழுத்தில் இருக்க வேண்டும் என்பதால், தொலைபேசியில் ‘போட்டுக்கோங்க’ என்ற சொல்லோடு திரும்பிவிடாதீர்கள். பலரும் கவனிக்காத இன்னொன்றையும் சொல்கிறேன்: உரிமத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இணையதளத்தைச் சிங்கப்பூரிலிருக்கும் உங்கள் ஊர்க்காரரும் பார்ப்பார் அல்லவா? ‘காலவரம்பின்றி, உலகம் முழுவதும்’ என்ற சொற்களைக் கேட்டு வாங்குங்கள்.

அனுமதி வராவிட்டால், நடப்பு நிகழ்வைப் பற்றி நீங்களே எழுதும் செய்தியிலோ விமர்சனத்திலோ தேவையான சிறு பகுதியை மட்டும் எடுத்தாளச் சட்டத்தின் 39, 52ஆம் பிரிவுகள் இடம் தருகின்றன. முப்பது நொடி வரை எடுக்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லப்படும் கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை. உங்கள் எழுத்துக்கு அந்தத் துண்டு எவ்வளவு தேவைப்பட்டது என்பதையே நீதிமன்றம் பார்க்கும். முழு மூன்று நிமிடத்தையும் ஏற்றிவிட்டு மேலே ஒரு வரி எழுதுவது இதில் அடங்காது.

கேள்வி: எங்கள் ஊர் வெள்ளத்தைப் பற்றி 1996இல் சென்னைத் தூர்தர்ஷனில் வந்த செய்தியை ஒருவர் வீட்டில் வி.எச்.எஸ். நாடாவில் பதிந்து வைத்திருக்கிறார். 25 ஆண்டு கடந்துவிட்டதே, ஏற்றலாமா?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: ஒளிபரப்பு உரிமையின் 25 ஆண்டு, ஒளிபரப்பான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுவதால், 2021 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் அந்தக் காட்சிப் பதிவின் பதிப்புரிமை 60 ஆண்டு. அது 2056 முடிய இருக்கிறது. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கு எழுதிக் கேளுங்கள். அதற்குள் நாடாவைக் கணினிக்கோப்பாக மாற்றி வையுங்கள், பூஞ்சை பிடித்தால் அனுமதி வந்தும் பயனில்லை.

கேள்வி: தொலைக்காட்சிச் செய்தியைச் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஆதாரமாகக் கொடுக்கவும் அனுமதி வேண்டுமா?
– ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: வேண்டாம். நீதிமன்ற நடவடிக்கைக்காக நகலெடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவே சொல்கிறது. சாட்சியச் சட்டத்தின் விதிகள் அந்தத் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்துவதில்லை என்றாலும், வழக்கு பிற்பாடு வேறு நீதிமன்றத்துக்குப் போகக்கூடும். அங்கே, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் கைமாறி வரும் கோப்பு தரம் குறைந்துபோவதால், மூலக் கோப்பை யாரிடமிருந்து எந்த நாளில் பெற்றீர்கள் என்ற குறிப்போடு தனி பென்டிரைவில் வைத்து வழக்கறிஞரிடம் கொடுங்கள். வழக்குக்காக எடுத்த அதே நகலை இணையதளத்தில் ஏற்ற இந்த விலக்கு உதவாது. அதற்கு மேலே சொன்ன கடிதம்தான் வழி.