நாம் ஒன்றை ஏன் செய்கிறோம் என்பது நமக்கே தெரியாமல் இருக்குமா?

இருக்கும். அன்றாட விஷயங்களில்தான் அது அதிகம்.

ரிச்சர்ட் நிஸ்பெட், டிமத்தி வில்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. கடையொன்றில் நான்கு சோடி நைலோன் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களிடம் கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததை 40 சதவீதம் பேர் தெரிவு செய்தார்கள், இடது ஓரத்தில் இருந்ததை 12 சதவீதம் பேர். நான்கும் ஒரே காலுறை! காரணம் கேட்டால் துணியின் தரத்தைத்தான் சொன்னார்கள். வைத்த இடம் காரணமாக இருக்குமோ என்றால், ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்டதும் பொருத்தமான காரணம் ஒன்று மனதில் வந்துவிடுகிறது, நாமும் அதை நம்பிவிடுகிறோம்.

இதை நான் எங்கள் குடும்பத்திலும் கண்டேன். திருகோணமலையில் சித்தி வீடு தேடிய காலம். உப்புவெளியில் ஒரு வீடு பார்த்தோம். "உப்புக்காத்து, கேற்றெல்லாம் கறள் பிடிச்சிடும்" என்றார். சித்தப்பா வருசா வருசம் பெயின்ற் அடிக்கலாம் என்றார். அடுத்த வீட்டில் கிணற்றுத் தண்ணீர் சவர் என்றார் சித்தி. மூன்றாவது வீட்டில் தண்ணீர் நல்ல தண்ணீர். அப்போது பள்ளிக்கூடம் தூரம் என்றார். பிள்ளைகள் இரண்டு பேரும் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள்!

மூன்றும் கடற்கரைப் பக்கத்து வீடுகள். 2004 டிசம்பர் 26 அன்று சித்தியின் பழைய வீட்டுக்குள் கடல் வந்தது. வீடு தேடிய நாட்களில் அவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. மறைத்தார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. கறளும் சவரும் அவருக்கு உண்மையான காரணங்கள்தான்.

ஒருவர் சொல்லும் காரணம் ஒவ்வொரு முறையும் மாறி, முடிவு மட்டும் மாறாமல் நின்றால், உள்ளே வேறொன்று இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். உங்களையும் அப்படிக் கவனித்துப் பாருங்கள். 'ஏன்' என்று மனதைக் கேட்பதைவிட, எங்கே, எப்போது, யார் முன்னால் அப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று பார்ப்பது நிறையச் சொல்லும். மற்றவர்களிடம் இதைத் தோண்டிக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அது காயத்தில் கை வைப்பது.

சித்தப்பாவும் கேட்கவில்லை. ஒருநாள், "சரி, மேட்டுப் பக்கம் பார்ப்பம்" என்றார். உவர்மலையில் பார்த்த முதல் வீட்டுக்கே சித்தி சம்மதித்தார். அந்த வீட்டு கேற் கறள் பிடித்து, தூக்கித்தான் திறக்க வேண்டியிருந்தது.