ஒரே ஒரு வலி மதிப்பெண் போதுமா?

வணக்கம். சிறுவயதில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக் குணமான 8 முதல் 18 வயது வரையிலானோரிடம், "வலி 0 முதல் 10 வரை எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு ஆய்வேட்டை முடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடிக்கலாம், ஆனால் அது அன்றைய வலியை மட்டுமே சொல்லும். 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியே நாள்பட்டது என்பதால், எத்தனை நாளாக, உடலில் எங்கே, படிப்பையும் உறக்கத்தையும் எந்த அளவுக்குக் கெடுக்கிறது என்பவையும் வினாநிரலில் இடம்பெற வேண்டும்.

இவற்றுள் இடம் மிக முக்கியம். ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து நரம்புகளைப் பாதித்திருந்தால் பாதங்களில் எரிச்சலும் மதமதப்பும் இருக்கும். பாதிப்பு கூடுதலாக இருந்தால், குதிகாலை ஊன்றி நடக்கச் சொல்லும்போது முன்பாதத்தைத் தூக்க முடியாமல் பிள்ளை தடுமாறும். டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டுகளால் ரத்த ஓட்டம் குறைந்து எலும்பின் ஒரு பகுதி செத்துப்போயிருந்தால், இடுப்பிலோ முழங்காலிலோ வலிக்கும். 10 வயதுக்கு மேல் சிகிச்சை பெற்றவர்களிடம் இது கூடுதல். இவ்விரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடைப்பது, என் பார்வையில், தரவை வீணாக்குவதே.

வலி வந்தாலே நோய் திரும்பிவிட்டதோ என்று எழும் அச்சத்தைத் தனியே அளவிடுங்கள். பெற்றோர் கலங்குவார்களென்று வலியை மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே விடைகளைப் பிள்ளையிடமே, முடிந்தால் தனியாகக் கேட்டுப் பெறுங்கள். ஒப்பீட்டுக்கு, அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய குழந்தைப் பருவப் புற்றுநோயிலிருந்து மீண்டோர் ஆய்வில் செய்ததுபோல, உடன்பிறந்தோரைச் சேர்க்கலாம். வயது வேறுபாட்டை மட்டும் பகுப்பாய்வில் கணக்கில் கொள்ளுங்கள்.