அவங்கவங்களுக்கு மட்டும் கேட்டா போதுமா?

கேள்வி: நான் எங்க ஊர் கோயில் திருப்பணி கமிட்டில இருக்கேன். தலித் கிறிஸ்தவங்களையும் எஸ்சி பட்டியல்ல சேக்கணும்னு பாதர், இமாம், ஒரு மடத்து சாமி மூணு பேரும் ஒண்ணா போய் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்காங்க. சாமி காரியத்த விட்டுட்டு இவங்களுக்கு அரசாங்க கொள்கையில என்ன வேலை? மதத்த அரசியல்ல கலக்குறது தப்பில்லையா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மதத்த சொல்லி ஓட்டு கேக்குறதுதாங்க தப்பு, 1951 மக்கள் பிரதிநிதித்துவ சட்டம் அதத்தான் தடுக்குது. ஒதுக்கப்பட்டவங்களுக்காக கொள்கைய மாத்துங்கன்னு கேக்குறத எந்த சட்டமும் தடுக்கல. நம்ம வடலூர்ல 1867ல வள்ளலார் தருமசாலை தொடங்கினப்போ சாதி மதம் பாத்தா சோறு போட்டாங்க? அது சாமி காரியம் இல்லையா?

எனக்கு வருத்தம் வேற எடத்துல. கோயில்காரங்க கும்பாபிஷேகத்துக்கு போவாங்க, ஜமாத் கபர்ஸ்தானுக்கு போகும், சர்ச் பள்ளிக்கூட மானியத்துக்கு போகும், அவங்கவங்க தேவைக்கு அவங்கவங்க கேக்குறாங்க, அதுல தப்பு இல்ல, ஆனா அடுத்த வீட்டுக்காரனுக்கு நியாயம் கேட்டு போனது எத்தன பேரு? இந்த மனுவுல அந்த சாமி கையெழுத்து போட்டாரு பாருங்க, அவருக்கோ மடத்துக்கோ இதுல ஒரு பைசா லாபம் கெடையாது. அதனாலதான் அதுக்கு வெயிட்டு ஜாஸ்தி.

விஷயம் இதான். 1950ல வந்த ஜனாதிபதி ஆணைப்படி இந்துவா இருந்தாத்தான் எஸ்சி. 1956ல சீக்கியர சேத்தாங்க, 1990ல பௌத்தர சேத்தாங்க, கிறிஸ்தவங்களும் முஸ்லிம்களும் வெளியவே நிக்கிறாங்க. தமிழ்நாட்டுல மதம் மாறின எஸ்சி கிறிஸ்தவங்க பிசி லிஸ்ட்ல வர்றாங்க, ஆனா தனித்தொகுதில நிக்க முடியாது, வன்கொடுமை சட்டத்துலயும் எஸ்சிக்கு இருக்குற பாதுகாப்பு கெடைக்காது. ஞானஸ்நானம் வாங்கிட்டா ஊர்க்காரன் சாதிய மறந்துடுறானா என்ன? பக்கத்துல புதுச்சேரியில சர்ச்சுக்குள்ளயே சாதிக்கு சுவர் வச்சிருந்தாங்க, அத வச்சு 1745ல நடந்த தகராற, பிரெஞ்சுக்காரங்க காலத்துல அங்க இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை டைரில எழுதியிருக்காரு. மதத்த வச்சு எஸ்சிய முடிவு பண்ணக்கூடாதுன்னு 2007லயே மத்திய அரசு போட்ட ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் சொல்லிடுச்சு, 2023 ஏப்ரல்ல தமிழ்நாடு சட்டசபையும் தீர்மானம் போட்டுச்சு. பட்டியல மாத்த வேண்டியது பார்லிமென்ட்.

மனு குடுத்தவங்களுக்கும் ரெண்டு வார்த்த சொல்லணும். தமிழ்நாட்டுல எஸ்சிக்கு இருக்குற 18 சதவீத இடஒதுக்கீட்டுல பங்கு போயிடுமோன்னு இந்து தலித் மக்கள் பயப்படுறாங்க, அது நியாயமான பயம், அதனால சேக்குற ஆளுக்கு ஏத்த மாதிரி சதவீதத்தயும் ஏத்துங்கன்னு அதே மனுவுல எழுதணும். சாதிக்கொரு கல்லறை இன்னும் எங்கயாவது இருந்தா பாதர் அந்த சுவர மொதல்ல இடிக்கணும், அதுக்கு எந்த கலெக்டர் உத்தரவும் தேவையில்ல.

திங்கக்கிழம குறைதீர் நாள்ல திருத்தின மனுவ திரும்ப குடுக்கலாம். நீங்க திருப்பணி கமிட்டில இருக்கேன்னு எழுதியிருக்கீங்க, உங்க கமிட்டில ஒருத்தராவது அதுல கையெழுத்து போடுவீங்களா?