பிளாஸ்டிக் மாதிரி விமானங்கள்: ஒட்டுவதும் திருத்துவதும் – கேள்வி பதில்

வந்திருந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். விமானத்தின் பெயரையும் கிட்டின் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டியின்) அளவையும் குறிப்பிட்டுக் கேட்டவர்களுக்குத் தீர்மானமாகப் பதில் சொல்ல முடிந்தது; மற்றவர்களுக்குப் பொதுவாகவே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, இதுவரை ஒரு கிட்டும் செய்ததில்லை. 1/72 அளவில் தொடங்குவதா, 1/48 அளவில் தொடங்குவதா?

பதில்: 1/72 என்பது ஆறு அடியை ஓர் அங்குலமாகச் சுருக்குவது, 1/48 என்பது ஓர் அடியைக் கால் அங்குலமாகச் சுருக்குவது. ஸ்பிட்ஃபயர் என்னும் பிரிட்டிஷ் போர்விமானம் இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஏறத்தாழ 11.2 மீட்டர். அது 1/72 அளவில் 15.6 சென்டிமீட்டர், 1/48 அளவில் 23.4 சென்டிமீட்டர், 1/32 அளவில் 35 சென்டிமீட்டர் ஆகும். நான்கு எஞ்சின் கொண்ட பி-17 குண்டுவீச்சு விமானத்தை 1/48 அளவில் செய்தால் 66 சென்டிமீட்டர் வரும். வாங்கும் முன் அலமாரியை அளந்துகொள்ளுங்கள். தொடக்கத்திற்கு, ஒற்றை எஞ்சினும் ஒற்றை அடுக்கு இறக்கையும் கொண்ட இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் போர்விமானம் ஒன்றை 1/48 அளவில் எடுங்கள். பாகங்கள் விரலுக்கு அடங்கும், ஆனால் தரையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். 1/72 அளவுக்கு வரலாற்றுப் பெருமை உண்டு (1936இல் பிரிட்டனில் வெளிவந்த ஃப்ராக் பெங்குவின் கிட்டுகள் அந்த அளவில்தான் இருந்தன), எனினும் அந்தப் பெருமை முதல் கிட்டைச் செய்பவருக்குக் கைகொடுக்காது.

கேள்வி: உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டி, உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தேன். வண்ணம் அடித்தபோது கோடு தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் மெல்லிய பள்ளமாகக் கோடு மீண்டும் தோன்றிவிட்டது. பசை சரியில்லையா?

பதில்: பசையில் குறையில்லை, நீங்கள் காத்திருக்கவில்லை என்பதே காரணம். மாதிரி விமானப் பசை என்று நாம் சொல்வது, மரத்தை ஒட்டும் பசையைப்போல் இடையில் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்வதன்று. அது, கிட்டின் பாகங்கள் வார்க்கப்பட்ட பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் கரைப்பான். இரு விளிம்புகளையும் கரைத்து ஒன்றோடொன்று கலக்கவிட்டு, பிறகு தான் ஆவியாகிவிடுகிறது. முழுவதும் ஆவியாகும்வரை அந்த இடம் மென்மையாகவும் சற்றே உப்பியும் இருக்கும். அந்நிலையில் தேய்த்துச் சமன் செய்தால், உப்பல் வற்றியதும் பள்ளம் விழும். நீர்போன்ற மெல்லிய பசைக்கு ஒரு முழு நாளும், குழாயில் வரும் கெட்டியான பசைக்கு இரண்டு மூன்று நாட்களும் விடுவது என் வழக்கம்.

ஒட்டும் முறையையும் மாற்றிப் பாருங்கள். இரு பாதிகளையும் உலர்நிலையில், அதாவது பசையில்லாமல், பொருத்திப் பிடித்துக்கொண்டு, மெல்லிய பசையைத் தூரிகை நுனியால் இணைப்பில் தொட்டால், நுண்துளைக் கவர்ச்சியால் அது தானே கோட்டின் வழியே ஓடும். சில நொடிகள் பொறுத்து மெதுவாக அழுத்தினால், உருகிய பிளாஸ்டிக் ஒரு நூலளவு வெளியே பிதுங்கும். அந்தப் பிதுக்கம்தான் உங்கள் நிரப்பி. அது இறுகிய பின் கத்தி விளிம்பால் சுரண்டி, 400, 600, 1000 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்தால், அங்கே இரண்டு பாகங்கள் இருந்தன என்பதற்குச் சான்றே மிஞ்சாது. பிதுக்கம் வராத இடங்களுக்கு சயனோஅக்ரிலேட் பசையை (சூப்பர் குளூ) நிரப்பியாகப் பயன்படுத்தலாம். அது சுருங்காது, ஆனால் மறுநாள்வரை விட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும் என்பதால், அதை மட்டும் ஒரு மணி நேரத்திற்குள் தேய்த்துவிட வேண்டும். ஒன்றுக்குப் பொறுமையும் மற்றொன்றுக்கு அவசரமும் வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

கேள்வி: இறக்கை உடற்பகுதியோடு சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுகிறது. எவ்வளவு புட்டி வைத்தாலும் அழகாக வரவில்லை.

பதில்: அவ்வளவு பெரிய இடைவெளிக்குப் புட்டி மருந்தன்று. அது சுருங்கும், வெடிக்கும், தேய்க்கும்போது பக்கத்திலுள்ள நுணுக்கங்களையும் கொண்டுபோகும். உடற்பகுதியை மூடுவதற்கு முன்பே இறக்கையை உலர்நிலையில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் உடற்பகுதி சற்று ஒடுங்கியிருப்பதே காரணமாக இருக்கும். உள்ளே குறுக்காக ஒரு பிளாஸ்டிக் குச்சியை முட்டுக்கொடுத்து அகலப்படுத்தினால் இடைவெளி தானே மூடிக்கொள்ளும். மூடிய பிறகுதான் கவனித்தீர்கள் என்றால், இடைவெளியின் கனத்துக்கு ஏற்ற மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி ஒட்டி, காய்ந்ததும் வெட்டிச் சமப்படுத்துங்கள்.

இதற்கிடையில் இறக்கையின் மேல்நோக்கிய சாய்வையும் சரிபாருங்கள். ஸ்பிட்ஃபயருக்கு அது ஆறு பாகை. இடைவெளியை மூடும் அவசரத்தில் இறக்கையைக் கீழே அழுத்திவிட்டால், எந்த வண்ணமும் அந்த விமானத்தைக் காப்பாற்றாது. ஃபேண்டம் ஜெட் போர்விமானத்தில் வெளி இறக்கை 12 பாகை மேலேயும் வால் இறக்கை 23 பாகை கீழேயும் சாய்ந்திருக்கும். இரு பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்பதை முன்னாலிருந்து ஒரு கை தொலைவில் பார்த்தாலே கண் சொல்லிவிடும். அட்டையில் சாய்வை வெட்டி வைத்துக்கொண்டு, பசை இறுகும்வரை அதன்மேல் சாய்த்து வையுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ளது பழைய அச்சில் வந்த மஸ்டாங் (அமெரிக்கப் போர்விமானம்) கிட். தகட்டுக் கோடுகள் எல்லாம் மேடாக இருக்கின்றன. அனைத்தையும் தேய்த்துவிட்டுப் புதிதாகப் பள்ளக் கோடு கீற வேண்டுமா?

பதில்: முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். கிட்டில் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் கீறிய கோடு, 1/72 அளவில் உண்மை விமானத்தில் 14 மில்லிமீட்டருக்குச் சமம். எந்த விமானத்திலும் இரு தகடுகளுக்கு இடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்க மாட்டார்கள். ஆகவே பள்ளக் கோடும் மேட்டுக் கோடும் இரண்டுமே மிகைதான். பள்ளக் கோட்டில் வண்ணக் கசிவு (கோடு எடுப்பாகத் தெரிய ஓடவிடும் நீர்த்த வண்ணம்) தங்கி நிற்கும், இணைப்பைத் தேய்க்கும்போது அது மேட்டுக் கோட்டைப்போல் முற்றிலும் அழிந்துபோகாது என்னும் வசதிகளுக்காகவே நாம் அதை விரும்புகிறோம்.

மஸ்டாங்கைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. அதன் இறக்கை காற்றோட்டம் கலையாமல் செல்லும்படி வடிவமைக்கப்பட்டது. அந்த வழவழப்புக்காகத் தொழிற்சாலையிலேயே இறக்கையின் முன்பகுதித் தகட்டு இணைப்புகளையும் ஆணித் தலைகளையும் புட்டியால் நிரப்பித் தேய்த்து வண்ணம் பூசினார்கள். ஆகவே இறக்கையின் முன்பகுதிக் கோடுகளைத் தேய்த்து அழிப்பதே சரியான திருத்தம். துப்பாக்கி அறை, தோட்டா அறை மூடிகளின் விளிம்புகள் மட்டும் இருக்கட்டும். விலையுயர்ந்த புதிய கிட் வாங்கியவர்கள்கூட உற்பத்தியாளர் அழகாகக் கீறித் தந்த கோடுகளை மனமின்றி நிரப்ப வேண்டியிருக்கிறது. உங்கள் வேலை அதைவிட எளிது. உடற்பகுதிக்கு மட்டும் புதிதாகக் கீறுங்கள். கெட்டியான ஒட்டு நாடாவை வழிகாட்டியாக ஒட்டி, அழுத்தாமல் நான்கைந்து முறை மெதுவாக இழுத்தால் கோடு நேராக வரும். ஒரே இழுப்பில் முடிக்க முயன்றால் கீறும் ஊசி தன் விருப்பப்படி ஓடும்.

வண்ணத்திலும் இதன் தொடர்ச்சி உண்டு. வண்ணம் நீக்கப்பட்ட பிற்கால மஸ்டாங்குகளில் உடற்பகுதி வெற்று உலோகமாகவும், இறக்கை வெள்ளி நிறப் பூச்சாகவும் இருந்தன. இரண்டையும் ஒரே வெள்ளியில் அடிக்காதீர்கள். இறக்கை சற்று மங்கலாகவும் தட்டையாகவும் தெரிய வேண்டும்.

கேள்வி: கூடுதலாக விற்கும் ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின்) பாகங்கள், அரித்தெடுத்த உலோகத் தகட்டுப் பாகங்கள் எல்லாம் அவசியமா?

பதில்: அவசியம் என்று சொல்லத் தக்கது மிகக் குறைவு. விமானி அறையின் நுணுக்கங்களில் பாதி, மூடியை ஒட்டியதும் மறைந்துவிடும். கண்ணில் படுபவை வேறு. ஊசி அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்கை ஓர் அளவுக்குமேல் மெல்லியதாக்க முடியாது என்பதால், கிட் இறக்கையின் பின்விளிம்பு பல சமயம் 0.6 மில்லிமீட்டர் கனமாக இருக்கும். அது 1/72 அளவில் 43 மில்லிமீட்டர், அதாவது ஒரு மரப்பலகையின் கனம். ஒட்டுவதற்கு முன் இறக்கைப் பாதிகளின் உட்புறத்தை உப்புத்தாளில் தேய்த்துப் பின்விளிம்பைக் கத்தி முனைபோல் ஆக்குவதற்குக் காசு செலவில்லை. அது தரும் மாற்றம் பெரிது. சக்கரக் கதவுகளின் விளிம்பைச் சரிவாகத் தேய்ப்பது, துப்பாக்கிக் குழல்களையும் புகைபோக்கிகளையும் துளையிடுவது, காற்றுவேகக் குழாயை மெல்லிய உலோகக் குழாயால் மாற்றுவது ஆகியவையும் இவ்வகையே. இவற்றைச் செய்த பிறகும் கை அரித்தால், சக்கரங்களும் விமானியின் இருக்கையும் வாங்குங்கள்.

ஸ்பிட்ஃபயருக்கு, கீழே இறக்கப்பட்ட நிலையில் உள்ள ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பகுதி) உலோகத் தகடுகளைப் பலர் ஆசையோடு வாங்குகிறார்கள். தரையிறங்கியதும் ஃபிளாப்பை மடக்கிவிடுவது ஸ்பிட்ஃபயர் விமானிகளின் வழக்கம். நின்றுகொண்டிருக்கும் ஸ்பிட்ஃபயரின் படங்களில் அவை ஏறக்குறைய எப்போதும் மடங்கியே இருக்கும். மஸ்டாங்கில் இதற்கு நேர்மாறாக, எஞ்சின் நின்ற பின் நீரியல் அழுத்தம் குறையக் குறைய ஃபிளாப்பும் உட்புறச் சக்கரக் கதவுகளும் தாமே தொங்கிவிடும். செலவு செய்யும் முன் படத்தைப் பாருங்கள்.

ரெசினை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் அணிந்து, நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். அதன் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

கேள்வி: மூக்குச் சக்கரத்தோடு மூன்று சக்கரத்தில் நிற்கவேண்டிய மெசர்ஷ்மிட் 262 (ஜெர்மன் ஜெட் விமானம்) பின்புறமாகச் சாய்ந்து வாலில் உட்கார்ந்துவிடுகிறது.

பதில்: முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால், இயன்றவரை மூக்கின் நுனியில் எடை வையுங்கள். மூடுவதற்கு முன் பாகங்களை ஒட்டு நாடாவால் கட்டிச் சோதித்து, தேவைக்குச் சற்று அதிகமாகவே வையுங்கள். வண்ணமும் டெக்காலும் (நீரில் நனைத்து ஒட்டும் குறிகள்) வாலுக்குத்தான் எடை கூட்டும். ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் பதிக்காதீர்கள். பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை அரிக்க, சில ஆண்டுகளில் அது உப்பி, இணைப்பையே பிளந்துவிடும்.

கேள்வி: விமானி அறையின் கண்ணாடி மூடி ஒட்டிய மறுநாள் பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிட்டது.

பதில்: சயனோஅக்ரிலேட்டின் ஆவி செய்த வேலை அது. மூடிக்கு வெள்ளைப் பசையையோ, காய்ந்தால் தெளிவாகும் தனிப் பசையையோ பயன்படுத்துங்கள். வெளுப்பு வெளிப்புறத்தில் இருந்தால் 2000 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு மெருகுக் குழம்பால் துடைத்தால் தெளிவு திரும்பும். உட்புறத்தில் இருந்தால் மூடியைக் கழற்றியே ஆக வேண்டும்.

கேள்வி: ஒரே வண்ணத்திற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு சாயல் தருகிறது. எது சரி?

பதில்: அமெரிக்க விமானங்களுக்கு எஃப்.எஸ். 595 என்னும் வண்ணத் தரநிலை எண்கள் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் விமானங்களுக்கு ஆர்.எல்.எம். (அக்கால ஜெர்மன் விமான அமைச்சகம்) எண்கள் உண்டு. ஆனால் வெயிலிலும் மழையிலும் ஆறு மாதம் நின்ற விமானம் அந்த எண்ணோடு ஒத்துப்போகாது. மேலும் சிறிய உருவில் அதே வண்ணம் அடர்ந்து தெரியும் என்பதால் சற்று வெளுக்கச் செய்வது நல்லது. வண்ணத்தின் சாயலைவிட அதன் வேதியியலில் கவனம் வையுங்கள். எனாமலின்மேல் லாக்கர் அடித்தால் கீழடுக்கு சுருங்கிக் குலையும்; காய்ந்த லாக்கரின்மேல் எனாமல் பாதுகாப்பானது. ஏர்பிரஷ்ஷுக்கு (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) வண்ணத்தைப் பாலின் பதத்திற்கு நீர்க்கச் செய்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மெல்லிய அடுக்குகளாக அடியுங்கள். தூரிகையாலும் நல்ல விமானம் செய்யலாம். இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள், இடையில் போதிய நேரம், அவ்வளவே.

கேள்வி: டெக்கால் ஒட்டிய இடமெல்லாம் வெள்ளிபோல் மின்னுகிறது. அதோடு, என் பழைய கிட்டின் டெக்கால் மஞ்சளித்தும் இருக்கிறது.

பதில்: மங்கலான வண்ணத்தின் பரப்பு நுண்ணிய அளவில் சொரசொரப்பானது, அதன் குழிகளில் அகப்பட்ட காற்றே மின்னுகிறது. முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்து, காய்ந்த பின் டெக்காலை வைத்து, மென்மையாக்கும் திரவத்தைத் தடவுங்கள். அது சுருங்கி நெளியும்; பதறித் தொடாதீர்கள், காயும்போது தானே படிந்துவிடும். எல்லாம் முடிந்த பின் மங்கல் வார்னிஷ் பூசுங்கள். மஞ்சளித்த தாளை வெயில் படும் சன்னல் கண்ணாடியில் சில வாரங்கள் ஒட்டிவைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். பிறகு, தேவைப்படாத ஒரு சிறு எழுத்தை வெதுவெதுப்பான நீரில் போட்டுச் சோதியுங்கள். அது துண்டு துண்டாக உடைந்தால், முழுத் தாளுக்கும் தெளிவான வார்னிஷ் அடித்து, ஒவ்வொரு குறியையும் விளிம்பையொட்டி வெட்டிப் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: அதே பழைய பெட்டியில் ரப்பர்போன்ற சக்கரங்கள் பிளாஸ்டிக் சட்டத்தோடு உருகி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இது எதனால்?

பதில்: வினைல் சக்கரங்களை மென்மையாக வைத்திருக்கும் வேதிப்பொருள் மெல்லக் கசிந்து பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. அவற்றைத் தனிப் பையில் இட்டுவைத்திருந்தால் தப்பியிருக்கும். இப்போது சக்கரத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, அது தொட்டுக்கொண்டிருந்த பாகங்களைச் சவர்க்கார நீரில் கழுவி, குழிந்த இடங்களை நிரப்பித் தேய்த்துக்கொள்ளுங்கள். சக்கரங்களுக்கு மட்டும் வெளியில் விற்கும் ரெசின் சக்கரங்களை வாங்கலாம். உருகிய வினைலைத் திரும்பப் பொருத்தினால், முடித்த விமானத்தின் சக்கர மையத்தையும் அது அவ்வாறே கரைக்கும்.