தகுதி என்னும் சொல்லும் மைக்கேல் யங்கும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, இன்று எல்லோரும் மெச்சிச் சொல்லும் ‘மெரிட்டாக்ரசி’ என்ற சொல்லை உலகறியச் செய்த ஆங்கிலேயச் சமூகவியலாளர் மைக்கேல் யங் (1915–2002), அதை ஏளனமாகத்தான் எழுதினார் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவை. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன். பிறப்பைப் பாராமல் தகுதியுடையவர்களையே மேலே அமர்த்தும் முறை என்று பொருள்படும் மெரிட்டாக்ரசியைத் ‘தகுதியாட்சி’ என்று எழுதுகிறேன். இதைவிட நல்ல சொல் தோன்றுபவர்கள் தெரிவிக்கலாம்.

கேள்வி: திறமைக்கு மதிப்பளிக்கும் சமூகத்தை ஒருவர் எப்படி ஏளனம் செய்ய முடியும்? பிறப்பை வைத்து மனிதரை எடைபோடுவதைவிட அது மேல் அல்லவா? (திருச்சி வாசகர்)

மேல்தான், யங்கும் அதை மறுக்கவில்லை. ஆனால் பிறப்பின் இடத்தில் தேர்வு மதிப்பெண்ணை உட்கார வைத்துவிட்டால் ஏற்றத்தாழ்வு நியாயமாகிவிடுமா என்பதே அவருடைய கேள்வி. பிரிட்டனில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து, பதினொரு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு தேர்வு வைத்து, தேறிய சிறுபான்மையினரைப் பல்கலைக்கழகப் படிப்புக்கு ஆயத்தம் செய்யும் ‘கிராமர்’ பள்ளிகளுக்கும் மற்றவர்களில் பெரும்பாலோரைச் சாதாரண இடைநிலைப் பள்ளிகளுக்கும் அனுப்பும் முறை பரவலாக நடைமுறைக்கு வந்தது. பதினொரு வயதில் ஒரு முற்பகலில் எழுதிய விடைத்தாள் ஒருவர் வாழ்நாள் முழுவதும் எந்த வேலை செய்வார், யாரோடு பழகுவார் என்பதையெல்லாம் ஏறக்குறைய முடிவுசெய்துவிட்டது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த யங், 1958இல் ‘தகுதியாட்சியின் எழுச்சி’ என்ற நூலை வெளியிட்டார்.

நூலின் உத்தி சுவையானது. கதைசொல்லி 2034ஆம் ஆண்டில் இருந்துகொண்டு எழுதும் ஒரு சமூகவியலாளர். தகுதியாட்சியின் பரம பக்தர். அறிவுத்திறன் அளவெண்ணோடு (ஐ.க்யூ.) முயற்சியைக் கூட்டினால் தகுதி என்ற சூத்திரத்தின்படி நாடு எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது, அப்படியிருந்தும் கீழே உள்ளவர்கள் ஏன் முணுமுணுக்கிறார்கள் என்று வியந்துகொண்டே போகிறார். அந்த முணுமுணுப்புக்கு அவர் சொல்லும் விளக்கங்களில்தான் யங்கின் நையாண்டி ஒளிந்திருக்கிறது. முன்பெல்லாம் மூட்டை தூக்கும் தொழிலாளி, ‘வாய்ப்புக் கிடைத்திருந்தால் நானும் அந்த நாற்காலியில் இருந்திருப்பேன்’ என்று மனத்துக்குள்ளாவது சொல்லிக்கொள்ள முடிந்தது. அந்த நினைப்பில் உண்மை எவ்வளவு என்பது வேறு விஷயம், அது அவருடைய தன்மானத்துக்குக் காவலாக இருந்தது. வாய்ப்பெல்லாம் கொடுத்தாகிவிட்டது, மறுதேர்வும் வைத்தாகிவிட்டது, இதற்கு மேல் நீ தேறவில்லை என்றால் உன்னிடம் சரக்கில்லை என்று நாடே சான்றிதழ் கொடுத்த பிறகு அந்தக் காவலும் போய்விடுகிறது. மேலே போனவர்களுக்கோ, தாம் பெற்றதில் அதிர்ஷ்டத்துக்கும் அப்பன் சொத்துக்கும் பங்குண்டு என்ற பழைய கூச்சம்கூட இல்லாமல் போகிறது. கடைசியில் மக்கள் கிளர்ச்சி மூள்கிறது. அதிலே பெண்கள் முன்னே நிற்கிறார்கள். அந்தக் கிளர்ச்சி பிசுபிசுத்துவிடும் என்று உறுதியளித்துவிட்டுப் போன கதைசொல்லி அதிலேயே கொல்லப்பட்டார், அதனால் அச்சுப்படிகளைத் திருத்த அவர் இல்லை என்று பதிப்பாளர் போட்ட அடிக்குறிப்புடன் நூல் முடிகிறது.

பல பதிப்பகங்கள் இதைத் திருப்பி அனுப்பின. தாங்கள் முனைவர் பட்ட ஆய்வேடுகளை வெளியிடுவதில்லை என்று ஒரு பதிப்பகம் பதில் எழுதியதாக யங்கே பின்னாளில் சொல்லியிருக்கிறார். லத்தீன் வேரையும் கிரேக்க வேரையும் ஒட்டிச் சொல் செய்தால் படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று அவருடைய நண்பர் ஒருவர் எச்சரித்தாராம். மணிப்பிரவாளத்துக்குப் பழகிய நமக்கு இது பெரிய குற்றமாகத் தெரியாது. இச்சொல்லை முதலில் அச்சில் பயன்படுத்தியவர் யங் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1956இலேயே ஆலன் ஃபாக்ஸ் என்பவர் ஒரு கட்டுரையில் இதைக் கையாண்டிருக்கிறார். அவரும் கண்டிக்கத்தான் கையாண்டார்.

கேள்வி: அப்படியானால் வேலைக்குத் திறமையுள்ளவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறாரா? ‘தகுதி, திறமை’ என்று சொல்லி இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்களுக்கு இவர் எழுத்தில் பதில் இருக்கிறதா? (சேலம் வாசகர்)

முதல் கேள்விக்கு அவரே தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறார். 2001 ஜூனில், எண்பத்தைந்து வயதில், ‘கார்டியன்’ நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். பிரதமர் டோனி பிளேர் தகுதியாட்சியைத் தம் அரசின் இலட்சியமாகப் பேசிவந்த காலம் அது. எச்சரிக்கையாக எழுதிய நூலைத் தலைப்பை மட்டும் பார்த்துக் கொள்கையாக்கிக் கொண்டார்களே என்ற வருத்தம் அந்தக் கட்டுரை முழுவதும் தெரிகிறது. தனித்தனி வேலைக்குத் தகுந்த ஆளை அமர்த்துவது அறிவுடைமைதான். ஒரு வகைத் தகுதி மட்டும் உடையவர்கள் ஒன்றுசேர்ந்து, பிறருக்கு இடமில்லாத புதிய வர்க்கமாக இறுகிப்போவதுதான் கேடு என்று அதில் வேறுபடுத்திக் காட்டுகிறார்.

அதே கட்டுரையில் இன்னொரு கருத்து இருக்கிறது. என் மதிப்பீட்டில் மற்றதைவிட அதுவே முக்கியமானது. 1945இல் அமைந்த தொழிற்கட்சிப் பிரதமர் அட்லியின் அமைச்சரவையில் பதினொரு வயதில் பள்ளியை விட்ட எர்னஸ்ட் பெவினும், பதினான்கு வயதில் விட்ட ஹெர்பர்ட் மாரிசனும் இருந்தார்கள். தேசிய நலவாழ்வுச் சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். இவர்கள் அறுபது ஆண்டு கழித்துப் பிறந்திருந்தால் பள்ளியே இவர்களைப் பொறுக்கியெடுத்து, பல்கலைக்கழகம் வழியாக ஏதேனும் ஒரு வசதியான அலுவலகத்தில் சேர்த்திருக்கும். தொழிற்சங்கத்துக்கும் தெருவுக்கும் தலைவர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். தேர்வுமுறை ஏழைகளிடமிருந்து அவர்களுக்காகப் பேசக்கூடியவர்களையே பிரித்தெடுத்துவிடுகிறது என்பது இதன் பொருள்.

இடஒதுக்கீட்டைப் பொறுத்தவரை, அவர் எழுதியது பிரிட்டனின் வர்க்க ஏற்றத்தாழ்வைப் பற்றி. நம் சாதி அமைப்பைப் பற்றிய தீர்ப்பை அவர் வாயில் திணிப்பது நேர்மையாகாது. நம்மிடையே நடக்கும் வாதம் பெரும்பாலும் யார் உள்ளே நுழைகிறார்கள் என்பதைப் பற்றியது. யங்கின் கவலை, வெளியே நின்றுவிட்டவர்களை நாம் என்ன பார்வை பார்க்கிறோம் என்பது. இடஒதுக்கீட்டை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. இரு தரப்பாரும் அதைத் தொடுவதில்லை.

கேள்வி: குடிசைகளை அகற்றி மக்களை நகருக்கு வெளியே குடியமர்த்தும் திட்டங்களைப் பற்றிய விவாதத்தில் யங்கின் பெயரை ஒரு பேராசிரியர் சொல்லக் கேட்டேன். அவர் என்ன எழுதினார்? (சென்னை வாசகி)

பேராசிரியர் சொன்னது, யங்கும் பீட்டர் வில்மாட்டும் சேர்ந்து எழுதி 1957இல் வெளியான ‘கிழக்கு லண்டனில் குடும்பமும் உறவும்’ என்ற நூலாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பின்னணி ஒன்று உண்டு. யங் 1945 முதல் தொழிற்கட்சியின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் கட்சியை ஆட்சிக்குக் கொண்டுவந்த அறிக்கையின் வரைவில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அறிக்கையில் எழுதியவை சட்டங்களாகின, திட்டங்களாகின; ஆனால் யாருக்காக எழுதினோமோ அந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது தமக்கும் தம் கட்சிக்கும் சரியாகத் தெரியாது என்ற உறுத்தல் அவரை விடவில்லை. 1951இல் அந்த வேலையை விட்டு, லண்டன் பொருளியல் பள்ளியில் ஆய்வு மாணவராகி, பெத்னல் கிரீன் என்னும் தொழிலாளர் பகுதியில் சமுதாய ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

நகரம் பெருகினால் கூட்டுக்குடும்ப உறவு சிதறும், கணவன் மனைவி பிள்ளைகள் மட்டுமே மிஞ்சுவார்கள் என்பது அன்றைய பாடநூல் கருத்து. பெத்னல் கிரீனில் அவர்கள் கண்டது வேறு. திருமணமான மகள் தாய்வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தாள். தினமும் அங்கே போய்வந்தாள். பேறுகாலமானாலும் பிள்ளைக்குக் காய்ச்சலானாலும் முதலில் அம்மாதான். புதுமணத் தம்பதிக்கு வீடு வேண்டுமென்றால் வாடகை வசூலிப்பவரிடம் அம்மாவே பேசி வாங்கித் தருவாள். மருமகன் இதையெல்லாம் சற்று ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பான். நம் ஊர்க்காரர் யாரும் இதைப் படித்து ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் லண்டன் நிர்வாகிகளுக்கு இது செய்தியாக இருந்தது.

அங்கிருந்து எசெக்ஸ் வட்டாரத்தில் மாநகராட்சி கட்டிய புதிய குடியிருப்புக்குப் போனவர்களையும் தேடிப்போய்ப் பார்த்தார்கள். நூலில் அந்த இடத்துக்கு ‘கிரீன்லீ’ என்று புனைபெயர். உண்மையில் அது டெப்டன். குளியலறையும் தோட்டமும் உள்ள நல்ல வீடுகள், குழந்தைகளுக்கு நல்ல காற்று. ஆனால் அம்மா பல மைல் தொலைவில் இருந்தாள், பேருந்துச் செலவு கையைக் கடித்தது. பழைய தெருவில் ஒருவரை அவருடைய குணத்தை வைத்து, தாய் தகப்பனை வைத்து, ஆண்டுக்கணக்கான பழக்கத்தை வைத்து எடைபோட்டவர்கள், முன்பின் தெரியாதவர்கள் நடுவே வந்ததும் திரைச்சீலையையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் வைத்து எடைபோடத் தொடங்கினார்கள். பழைய வீடுகளைச் செப்பனிடுங்கள், இருக்கும் இடத்திலேயே கட்டுங்கள், பெயர்த்தே தீர வேண்டுமென்றால் உறவுகளைச் சேர்த்துப் பெயருங்கள் என்பதே நூலாசிரியர்களின் பரிந்துரை.

இந்த நூலைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. அவருடைய களக்குறிப்புகளைப் பிற்காலத்தில் மீண்டும் படித்த வரலாற்றாய்வாளர்கள், அண்டை வீட்டுச் சண்டைகளையும் எப்போது இந்தத் தெருவை விட்டுப் போவோம் என்று ஏங்கியவர்களையும் யங் குறைத்துக் காட்டிவிட்டார் என்று குறைசொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. நடுத்தர வர்க்கத்து ஆய்வாளர்கள் உழைக்கும் மக்களின் தெருவைப் பார்த்து உருகுவது எல்லா நாட்டிலும் நடப்பது. அவர் இறந்தபின், 2006இல், கேட் கேவ்ரான், ஜெஃப் டெஞ்ச் ஆகியோருடன் அவர் எழுதிய மற்றொரு நூல் அதே பகுதியைப் பற்றி வெளியானது. யாருக்குத் தேவை அதிகமோ அவருக்கே முதலில் அரசு வீடு என்ற விதி, குடும்பம் பெரிதான வங்கதேசக் குடியேறிகளுக்கு முன்னுரிமை அளித்து, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்களின் பிள்ளைகளைக் காத்திருக்க வைத்தது, கசப்புக்கு அது ஒரு காரணம் என்று அந்நூல் வாதிட்டது. இனவெறுப்புக்கு அது சாக்குத் தேடித் தருகிறது என்று கடுமையான எதிர்ப்பு எழுந்தது. தாய்க்கும் மகளுக்கும் அடுத்தடுத்த தெருவில் வீடு வேண்டும் என்று 1957இல் எழுதியபோது இனிமையாக ஒலித்த கருத்தே, அந்நியர் வந்து சேர்ந்ததும் எப்படி முள்ளாகிறது என்பதைக் காண இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கேள்வி: பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இவருடைய யோசனை என்பது உண்மையா? (தஞ்சாவூர் வாசகர்)

அவருடைய யோசனையும்தான். 1962இல் ஒரு கல்வி இதழில் இதை முன்மொழிந்தார். அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜில் தேசிய விரிவாக்கக் கல்லூரி என்ற அஞ்சல்வழி நிறுவனத்தைத் தொடங்கி, நடக்கக்கூடியதுதான் என்று காட்டினார். 1963இல் தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன் ‘வானொலிவழிப் பல்கலைக்கழகம்’ என்ற திட்டத்தை அறிவித்ததும், ஜென்னி லீ அமைச்சராக இருந்து அதைப் போராடி நிறைவேற்றியதும் தனிக்கதை. பல்கலைக்கழகம் 1969இல் அரச சாசனம் பெற்றது; 1971 ஜனவரியில் சுமார் 24,000 மாணவர்களுடன் பாடங்கள் தொடங்கின. சேர்வதற்கு எந்த முன்தகுதியும் கேட்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பதினொரு வயதில் கதவடைத்த முறைக்கு அவர் கண்ட மாற்று இது. 1985இல் தொடங்கிய நம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அந்த வழியில் வந்ததே.

கேள்வி: ஆண்கள் வீட்டுவேலையைப் பகிர்ந்துகொள்ளும் காலம் வந்துவிட்டதென்று யங் எழுதியதாகப் படித்தேன். எங்கள் வீட்டில் இன்னும் வரவில்லை. (மதுரை வாசகி)

1973இல் வில்மாட்டுடன் எழுதிய ‘சமச்சீர் குடும்பம்’ என்ற நூலில் அப்படித்தான் எழுதினார். அவருடைய நூல்களில் எனக்கு மிகக் குறைவாகப் பிடித்தது அது. வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு வேலையில் கைகொடுத்தாலும் ‘உதவும் கணவர்’ பட்டியலில் சேர்த்துவிட்டால் சமத்துவம் எளிதில் வந்துவிடும் என்று பெண்ணியச் சமூகவியலாளர் ஆன் ஓக்லி அடுத்த ஆண்டே போட்டு உடைத்தார். யங்கின் 1957ஆம் ஆண்டு நூலுக்கு அணிந்துரை எழுதிய சமூகநலக் கொள்கை அறிஞர் ரிச்சர்டு டிட்மஸ்ஸின் மகள் அவர்!

கேள்வி: சமூகவியலாளர் என்று சொல்கிறீர்கள், ஆனால் நிறுவனம் தொடங்குவதே அவர் வேலையாக இருந்திருக்கிறதே? (யாழ்ப்பாண வாசகர்)

பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் சிலரும் அன்று இதையே சொல்லி அவரைச் சற்று இளக்காரமாகப் பார்த்தார்கள். நுகர்வோர் சங்கத்தைத் தொடங்கி, 1957இல் ‘விச்?’ என்ற இதழின் முதல் இதழைப் பெத்னல் கிரீனில் ஒரு கார் கொட்டகையிலிருந்து வெளியிட்டார்கள். மின்கெட்டிலையும் ஆஸ்பிரினையும் சோதித்துப் பார்த்து எது நல்லது என்று அச்சிட்டால் அது சமூகவியலாகுமா என்று கேட்கலாம்தான். ஆனால் கட்சிகள் முதலாளிகளுக்காகவோ தொழிற்சங்கங்களுக்காகவோ பேசுகின்றன, கடையில் நின்று பொருள் வாங்கும் பெண்ணுக்காகப் பேச ஆளில்லை என்று கண்டது ஆய்வின் கண்தான்.

நிறுவனம் தொடங்கும் பழக்கம் அவருக்குப் பள்ளியில் ஒட்டிக்கொண்டது என்பேன். அவர் படித்தது டெவன் வட்டாரத்து டார்ட்டிங்டன் ஹாலில். அதை நிறுவிய லியனார்டு எல்ம்ஹர்ஸ்ட், 1920களின் தொடக்கத்தில் வங்காளத்தில் தாகூரோடு சேர்ந்து ஸ்ரீநிகேதன் கிராமப் புனரமைப்புப் பணியைத் தொடங்கியவர். பண்ணை, தறி, பள்ளி எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் வைக்கும் எண்ணத்தை அங்கிருந்துதான் எடுத்துப்போனார். 1978இல் யங் பிரபுப் பட்டத்தையும் ஏற்றுக்கொண்டார். பிறப்புரிமையையும் தகுதியுரிமையையும் ஒருசேரக் கிண்டல் செய்தவர் பிரபுக்கள் அவையில் போய் அமர்ந்ததை அவருடைய அன்பர்கள் பலவிதமாகச் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் ஒப்பவில்லை.

கேள்வி: எந்த நூலில் தொடங்கலாம்? (திருநெல்வேலி வாசகர்)

பெத்னல் கிரீன் நூலில் தொடங்குங்கள். எளிய நடை, நிறைய மனிதர்கள். தகுதியாட்சி நூலின் முதற்பகுதி சலிப்பூட்டும். கதைசொல்லியின் அறுவையே நகைச்சுவையின் ஒரு பகுதி என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டால் பின்பகுதி விறுவிறுப்பாகப் போகும். 1994ஆம் ஆண்டு மறுபதிப்பு கிடைத்தால் அவரே எழுதிய புதிய முன்னுரையும் உண்டு. கடைசி அடிக்குறிப்பை நான் முன்கூட்டியே சொல்லிவிட்டதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.